கிளைவிட்ட எண்ணெயும் நானும்

பெற்றோல் விற்கிறவனுக்கு இரண்டு பகை: ஒன்று நெருப்பு, மற்றது மூக்குள்ள வாடிக்கையாளர்.

யுத்தத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் நின்ற அந்த வருடங்களில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடி, புகை மணத்தோடு வீடு சேர்ந்த உங்களுக்கு இது புதிதல்ல. காபரேற்றருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். அந்த நாலு துளியை மருந்துப் போத்தலில் அடைத்துக் கொக்குவிலில் விற்றவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்பு. கலப்படம் இல்லாத கடை என்ற பெயர்தான் என் முதல். அதில் கை வைத்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

உள்ளங்கைச் சோதனை

இரசாயனம் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் உள்ளங்கையை நீட்டுவார். ஒரு துளி விடுவேன். குளிர்ந்து, கறை வைக்காமல் பறந்துவிடும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பிசுபிசுவென்று நிற்கும். ஆள் மூன்று துளி பறக்கவிட்டார்.

"மாஸ்டர், கை கழுவ வந்தனீங்களோ, வாங்க வந்தனீங்களோ?" என்றேன்.

"நல்ல சாமான்தான் தம்பி. ஆனால் கையிலை நிக்காத சாமானை நம்பி எப்பிடி வாங்கிறது?"

டக் டக்

குருநகரிலிருந்து மீன்பெட்டி கட்டிக்கொண்டு வரும் மரியதாஸ் அண்ணை ஒருநாள் கடைக்கு முன்னால் எஞ்சினை முறுக்கிக் காட்டினார். டக் டக் என்று உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம்.

"உம்மடை பெற்றோலிலை என்ன கலந்தனீர்?" என்றார், நாலு பேர் கேட்க.

"ஓடுறது மண்ணெண்ணெயிலை, பழி எனக்கோ? இனி இந்தப் படி ஏறவேண்டாம்" என்று கத்தினேன். அண்ணை டக் டக் என்றபடியே போய்விட்டார்.

பக்கத்தில் நின்ற மாஸ்டர் பிறகு விளங்கப்படுத்தினார். பெற்றோலுக்குள் ஐசோஒக்ரேன் என்று ஒன்று இருக்கிறதாம். கிளைவிட்ட மரம்போல அதன் உருவம். எவ்வளவு அமுக்கினாலும் பொறுத்திருந்து, பொறி வந்த பிறகுதான் எரியும். அந்தப் பொறுமைக்கு நூறு புள்ளி. மண்ணெண்ணெயில் கிளையில்லாமல் நீட்டுக்கு நிற்கிறதுகள்தான் கூட. அதுகள் பொறி வரமுதலே வெடிக்கும். அந்தச் சத்தம்தான் டக் டக்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றேன்.

"சரிதான். ஆனால் நீர் விக்கிறதுதான் பெற்றோல், நீர் மண்ணெண்ணெய்."

வெள்ளிக்கிழமை விளக்கு

அடுத்த வெள்ளி காலை வாசலுக்கு உள்ளே, நிலத்தில், வழக்கம்போலக் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுப் பின்பக்கம் இருந்து போத்தல்களுக்கு ஊற்றிக்கொண்டிருந்தேன். முழங்கை பட்டுப் பெற்றோல் கான் சரிந்தது. அரைப் போத்தல் அளவு நிலத்தில் போயிற்று. பெற்றோல்தானே, பறந்துவிடும் என்று துடைக்காமல் விட்டேன். விளக்கு பத்தடி தள்ளித்தானே.

படியில் ஒரு கால் வைத்த மரியதாஸ் அண்ணை மூக்கைச் சுருக்கினார். குனிந்து விளக்கை வாயால் ஊதி அணைத்தார்.

வெள்ளிக்கிழமை, வாயால். நான் கையை ஓங்கிவிட்டேன்.

அவர் அசையவில்லை. "உது பாரமான ஆவி, முதலாளி. மேலை போகாது. நிலத்தோடை ஊர்ந்து பள்ளத்திலை படுக்கும். எங்கடை வள்ளத்தின்ரை அடியிலை ஆவி உப்பிடிப் படுத்துக் கிடந்துதான் என்ரை மச்சான்ரை முகம் வெந்தது."

குனிந்து மணந்து பார்த்தேன். விளக்கடி முழுக்கப் பெற்றோல் மணம். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கதவு, யன்னல் எல்லாம் திறந்து, மண் போட்டுக் கூட்டினோம். இருவரும் றோட்டில் நின்றபோது, வரவேண்டாம் என்ற கடைக்கு ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன்.

"மற்றக் கடைச் சாமான் உள்ளங்கையிலையே நிண்டிட்டுது, தம்பி. உம்மடை வாயை எண்டாலும் பொறுக்கலாம்."

அன்றிலிருந்து விளக்கைக் கடைக்கு வெளியே வைத்தேன்; வாயை வைக்கத்தான் இன்றுவரை இடம் கிடைக்கவில்லை.