கரடி ஸ்டூல் கேட்டது

என் தங்கைக்கு மருந்து பாட்டில் கம்பெனியில் வேலை. காலை ஆறு மணி ஷிப்ட். பெல்ட்டில் வரும் பாட்டிலை எடுத்து, மூடி இறுக்கமா, லேபிள் நேரா என்று பார்த்து, பன்னிரண்டு பன்னிரண்டாகப் பெட்டியில் அடுக்க வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். பதினொரு வருடமாக நிற்கிறாள். ஒரு நாள்கூட வாயைத் திறந்து அலுத்துக்கொண்டதில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

கோடை விடுமுறைக்கு அவள் மகளின் பள்ளியில் ஒரு வேலை கொடுத்துவிட்டார்கள். வாரம் ஒரு புத்தகம் பெற்றவர்களோடு சேர்ந்து படித்து, கதையை நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நூலக அட்டைக்கு மூன்று புத்தகம், வீட்டில் ஆளுக்கு ஒன்று. மாப்பிள்ளை கனம் பார்த்து எடுப்பார். "எடுக்கிறதே எடுக்கிறோம், குண்டா எடுத்தா என்ன?" அந்தக் குண்டுப் புத்தகங்கள் டி.வி.க்கு முட்டுக்கொடுத்ததோடு சரி. பாப்பா படம் பார்த்து எடுப்பாள். என் தங்கைக்கு எழுத்து பெரிதாக இருந்தால் போதும், கண் எரியாது.

மத்தியானம் மூன்று மணிக்கு வந்து குளித்துவிட்டு, பாப்பாவோடு கட்டிலில் சாய்ந்து வாசிக்கத் தொடங்குவாள். நாலு பக்கம் தாண்டாது. எட்டு வாரமும் நோட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.

பள்ளி திறந்த இரண்டாம் நாளே டீச்சர் கூப்பிட்டனுப்பினார். தனியாகப் போகப் பயந்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் நோட்டைத் திறந்து வாசித்தார். "கரடி படகில் ஏறியது. மூடி சரியில்லை என்று அதை ஒதுக்கி வைத்தார்கள். பன்னிரண்டு ஆனதும் பெட்டியை ஒட்டினார்கள். கால் வலிக்கிறது, ஒரு ஸ்டூல் கொடுங்கள் என்று கரடி கேட்டது. யாரும் கொடுக்கவில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"எட்டுக் கதையும் இப்படித்தான் இருக்கு. படிக்கிறது இவளுக்குப் புரியலைன்னு நினைக்கிறேன். கொஞ்ச நாள் பின்தங்கின பிள்ளைங்களோட உட்கார வைக்கலாம்னு இருக்கோம்" என்றார் டீச்சர்.

"அவளுக்கு நல்லாப் புரியும் டீச்சர். தப்பு எம்மேலதான். வாசிச்சுக்கிட்டே தூங்கிடுவேன். அதெல்லாம் நான் தூக்கத்துல உளறினது." சொல்வதற்குள் என் தங்கை கூனிக்குறுகிப் போனாள். எனக்கே பாவமாக இருந்தது.

டீச்சர் பாப்பாவிடம் கரடிக் கதையைக் கேட்டார். படகு கிளம்பியதிலிருந்து கரை சேர்ந்தது வரை கடகடவென்று சொன்னாள். டீச்சர் வகுப்பு மாற்றும் பேச்சை அதோடு விட்டுவிட்டார்.

பஸ் நிறுத்தம் போனதும் தங்கை பாப்பாவைப் பிடித்துக்கொண்டாள். "கதை தெரிஞ்சிருந்துமா அப்படி எழுதினே? என் மானத்தை வாங்கிட்டியே."

"நீ தூங்கினப்புறம் மீதிய நானே படிச்சிடுவேம்மா."

"அப்ப அதை எழுத வேண்டியதுதானே?"

பாப்பா அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. "நீ முழிச்சிருக்கும்போது எங்கிட்ட எதுவுமே சொல்றதில்லையே" என்றாள்.

தங்கை என்னைப் பார்த்தாள். அவள் மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தாள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டோம்.

"எனக்கு ரொம்ப முடியலடி" என்றாள் மகளிடம்.