அவள் விருப்பம் என்று சட்டத்தில் இருந்தது

என் மகளுக்குக் காது கேட்கவில்லை என்பது எனக்கு உறுதியானபோது அவளுக்கு மூன்று வயது. ஆடிக் காற்றில் பலா மரத்தின் பெரிய கிளை ஒன்று முறிந்து மாட்டுக்கொட்டகையின் தகரத்தின் மேல் விழுந்தது. நாய் குரைத்தது, கோழிகள் சிதறி ஓடின, நான் கையிலிருந்த முறத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். வாசலில் குந்தியிருந்த அவள் திரும்பவே இல்லை. சாமை உமியை இழுத்துக்கொண்டு போகும் எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூரில் அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். என் கணவர் எங்கள் சரிவு நிலத்தில் சாமையும் கேழ்வரகும் விதைக்கிறவர். அன்று இரவு நான் சொன்னதை அவர் நம்பவில்லை. அவளுக்குப் பின்னால் நின்று கை தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், கடைசியில் குடத்தைக் கரண்டியால் அடித்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மலையிலிருந்து இறங்கி, அரசு ஆஸ்பத்திரிகளில் பல முறை காத்திருந்தோம். உள்காதின் நரம்பே சரியாக உருவாகவில்லை, அறுவை சிகிச்சை செய்தாலும் பயன் இருக்காது என்று டாக்டர் சொன்னார். காதுக்குப் பின்னால் மாட்டும் கருவியைப் போட்டுப் பார்க்கலாம், பெரிய சத்தங்கள் கொஞ்சம் கேட்கலாம் என்றார். மாற்றுத்திறனாளி என்று அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டையைக் காட்டி முகாமில் கருவியை வாங்கினோம். முதல் நாள் அதை மாட்டியதும் அவள் அலறிப் பிடுங்கிப் போட்டாள். ஒரு மாதம் கழித்து, மழை தகரத்தில் விழுந்தபோது கூரையை அண்ணாந்து பார்த்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது. இனிமேல் மெல்ல மெல்லப் பேச்சும் வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறு வயதில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தலைமையாசிரியர் கெட்டவர் அல்ல. அவளுக்கு முதலில் ஒரு மிட்டாய் கொடுத்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"சேத்துக்க மாட்டேன்னு சொல்லலம்மா. ரெண்டு பேர் அஞ்சு கிளாஸ் பாக்குறோம். இவளுக்கு நான் எப்படி சொல்லிக் குடுக்குறது? கீழ டவுன்ல காது கேக்காத புள்ளைங்களுக்குன்னே ஸ்கூல் இருக்குது. ஆஸ்டலும் இருக்குது. அங்க சேத்துடுங்க."

"ஆறு வயசு சார்," என்றேன். "தண்ணி வேணும்னாகூட என் முந்தானையத்தான் புடிச்சி இழுக்கும். அங்க போயி யார் முந்தானைய இழுக்கும்?"

அவர் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கு, இவளைப் போன்ற பிள்ளைகளைப் பார்க்க ஒரு சிறப்பாசிரியை வந்துகொண்டிருந்தார். படவேடு பக்கத்து ஊர்க்காரர், கல்யாணம் ஆகாத சின்னப் பெண். மலை ஏறி ஸ்கூட்டரில் வருவார். என் கதையைக் கேட்டதும் போனை எடுத்தார்.

"அக்கா, இப்ப புதுசா சட்டம் வந்துருக்குது. ஆறு வயசுலருந்து பதினெட்டு வரைக்கும் இவங்களுக்கு இலவசமா படிக்கிற உரிம இருக்குது. பக்கத்து ஸ்கூல் வேணும்னு கேட்டா அங்கதான் சேக்கணும். வாங்க, நானும் வர்றேன்."

தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் போனில் இருந்ததை முழுக்கப் படித்தார். படித்து முடித்ததும் "சரிங்க" என்று மட்டும் சொன்னார். அன்றே சேர்க்கை நடந்தது. மறுநாள் அவளுக்காக முதல் வரிசையில், கரும்பலகைக்கு நேராக ஓர் இடத்தை அவரே ஒதுக்கிவைத்திருந்தார். நான் அங்கன்வாடிக்கு நடந்த வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன். பெரிய ஆட்களை எதிர்த்துப் பேசி எதையும் வாங்கிப் பழகாத வீடு எங்களுடையது. ஒரு சட்டம் எங்களுக்காகப் பேசியிருந்தது.

அதற்குப் பிறகு வந்த ஐந்து வருடங்களைப் பற்றி யார் கேட்டாலும் நல்லபடியாகத்தான் சொல்லியிருப்பேன். கருவிக்கான பேட்டரியைச் சிறப்பாசிரியை கொண்டுவந்து கொடுத்தார். பனிக்காலத்தில் கருவி ஈரம் பிடிக்காமல் இருக்க, ராத்திரியில் அதை அரிசி போட்ட டப்பாவுக்குள் வைப்போம். காது வளர வளர, காதுக்குள் பொருத்தும் அச்சு தளர்ந்து கருவி விசில் அடிக்கும். மறுபடியும் முகாமுக்குப் போய் அளவு கொடுப்போம். பள்ளிக்கு ஒரு நாளும் மட்டம் போடமாட்டாள். கரும்பலகையில் எழுதுவதையெல்லாம் அச்சுப்போல எழுதிக்கொண்டு வருவாள். "உங்க பொண்ணு நல்ல புள்ளம்மா, சத்தமே போடாது" என்று டீச்சர் சொல்வார்.

கொரோனாவில் பள்ளி மூடியிருந்தபோது டிவியில் பாடம் போட்டார்கள். அவள் டிவிக்கு முன்னால் நோட்டுடன் உட்கார்ந்து, பேசுகிறவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாடம் முடிந்ததும் நோட்டை மூடி வைப்பாள். நோட்டில் ஒன்றும் இருக்காது.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பரீட்சைத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். எல்லாக் கேள்விக்கும் விடை எழுதியிருந்தாள், எல்லாம் சரியாக இருந்தது. நான் சந்தோஷமாகத் தாளைத் திருப்பினேன். மேலே, பெயர் எழுத வேண்டிய இடத்தில், பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பெயரை எழுதியிருந்தாள். அதையும் பார்த்து எழுதியிருக்கிறாள். அது ஒரு பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் புதுக் கருவிக்கு அளவு கொடுக்கக் கீழே டவுனில் முகாம் நடந்தது. மண்டபத்தில் நல்ல கூட்டம். காது கேளாதோர் பள்ளியிலிருந்து சில பெண்களை ஒரு கன்னியாஸ்திரி கூட்டிவந்திருந்தார். சீருடை போட்ட அந்தப் பெண்கள் ஒரு மூலையில் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஏதோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். என் மகள் என் கையை விட்டுவிட்டு அவர்களிடம் போனாள்.

ஒரு பெண் அவளிடம் ஏதோ கேட்டாள். என் மகள் சும்மா நின்றாள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அவள் முகத்தைப் பார்த்தாள். என் மகளுக்கு மோவாயில் ஒரு சின்னத் தழும்பு உண்டு. அந்தப் பெண் தன் மோவாயில் விரலால் ஒரு கோடு இழுத்து, பிறகு என் மகளைக் காட்டினாள். மற்ற பெண்களும் மோவாயில் கோடு இழுத்தார்கள்.

"பேர் வெச்சிட்டாங்கம்மா," என்று பக்கத்தில் வந்து நின்ற சிஸ்டர் சொன்னார். "இங்க எல்லாருக்கும் கையில ஒரு பேர் இருக்குது."

திரும்பி வரும்போது அவள் பஸ் ஏற மறுத்தாள். அவளைத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது, பதினொரு வயசுப் பெண்ணை. மலை ஏறும் வரைக்கும் ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து மோவாயில் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது, பையில் துணியை அடைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாள்.

"நீதான சண்ட போட்டு இங்க சேத்த?" என்றார் என் கணவர். குறையாகச் சொல்லவில்லை. அவருக்குப் புரியவில்லை.

சிறப்பாசிரியைக்குப் போன் செய்தேன். ஒரு தப்பும் நடக்காத மாதிரி அவர் அமைதியாகப் பேசினார்.

"அக்கா, இதுவும் அதே சட்டந்தான். பக்கத்து ஸ்கூல், இல்லன்னா ஸ்பெஷல் ஸ்கூல், அவங்க விருப்பம்னு போட்டுருக்குது. அப்பா விருப்பம் அம்மா விருப்பம்னு இல்லக்கா. கொழந்தையோட விருப்பம்."

அன்று தலைமையாசிரியரின் மேஜை முன்னால் நின்றபோது அந்த வார்த்தை என் காதிலும் விழுந்திருக்கும். அது என் விருப்பம் என்றுதான் அப்போது எடுத்துக்கொண்டேன். அவளிடம் கேட்க வழி இருந்ததாகவும் அன்று யாருக்கும் தெரியாது.

ஜூன் மாதத்தில் கொண்டுபோய் விட்டோம். ஆஸ்டலில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். சிஸ்டர் அவளுக்கு அவளுடைய இடத்தைக் காட்டினார். அவள் அதற்குள் அந்த முகாம் பெண்ணைக் கண்டுபிடித்துவிட்டாள். நாங்கள் கிளம்பும்போது கையாட்டினாள், அழவில்லை. பஸ்ஸில் என் கணவர்தான் அழுதார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமில்லாமல். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டே ஜன்னல் வழியாகக் கரும்புத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் அன்று யாரும் அடுப்பு மூட்டவில்லை.

பூஜை விடுமுறைக்கு வந்தவள் வேறு பெண்ணாக இருந்தாள். கைகள் ஓயவே இல்லை. நாங்கள் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் தலையாட்டினோம். புரியாமல் தலையாட்டினால் கண்டுபிடித்துவிடுவாள், கோபம் வரும், மறுபடி முதலிலிருந்து சொல்வாள்.

மூன்றாம் நாள், நான் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள். என் வயிற்றைக் காட்டினாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் குழந்தையைத் தாலாட்டுவதுபோல் ஆட்டினாள். பிறகு கைகளை விரித்து, புருவத்தைச் சுருக்கி என் முகத்தைப் பார்த்தாள். எங்கே?

அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது எனக்கு இரண்டாவது குழந்தை பிறந்தது. பிறந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே இறந்துவிட்டது. நான் பெரிய வயிற்றுடன் போனதை இவள் பார்த்தாள். வெறும் கையுடன் திரும்பி வந்ததைப் பார்த்தாள். ஊரார் வந்து அழுததைப் பார்த்தாள். அவளுக்குச் சொல்ல எங்களிடம் ஒரு வார்த்தையும் இருக்கவில்லை, அவளுக்குப் புரிந்திருக்காது என்று எங்களை நாங்களே சமாதானம் செய்துகொண்டோம். அந்தக் கேள்வியை மூன்று வருடம் அவள் உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கேட்பதற்குக் கை இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

நான் கண்ணை மூடிக் கழுத்தைச் சாய்த்துக் காட்டினேன். தூக்கமா என்று கேட்டாள். இல்லை என்றேன். அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு, விரித்த கையை மெல்லத் திருப்பிக் கவிழ்த்தாள். செத்துப்போவதற்கு அவர்கள் பள்ளியில் செய்யும் சைகை அது. நானும் கையைக் கவிழ்த்தேன்.

என் கணவர் வாசலில் நின்று இதைப் பார்த்திருக்கிறார். உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார். மூவரும் நிலத்தின் மேல் வரப்புக்கு ஏறினோம். அங்கே ஒரு கருங்கல்லை மட்டும் நட்டு வைத்திருந்தோம். அவள் அதன் பக்கத்தில் குந்தி, மண்ணின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை காட்டினேன். ஆணா பெண்ணா என்று கேட்டாள். பெண் என்றேன்.

தங்கச்சிக்கு உரிய சைகையை அங்கேதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தப்பாகச் செய்தேன். என் விரல்களைப் பிடித்து மடக்கித் திருத்தினாள்.

இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாதம் ஒரு சனிக்கிழமை பெற்றோருக்குப் பள்ளியில் சைகை வகுப்பு வைக்கிறார்கள். மலையிலிருந்து விடியற்கால பஸ்ஸைப் பிடித்து நான் போகிறேன். வேலை இல்லாத நாளில் என் கணவரும் வருகிறார். அவர் விரல்கள் மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போனவை. விரலால் காட்டும் சில எழுத்துகளுக்கு மடங்காது. அவளும் அவள் தோழிகளும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள், அவரும் சிரிப்பார். முகாமில் கொடுத்த கருவியை ரோட்டில் நடக்கும்போது மட்டும் மாட்டிக்கொள்கிறாள், லாரி ஹாரன் கேட்கும் என்பதற்காக. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கும் எழுதக் கூடுதல் நேரமும் கேட்டு வாங்கலாமாம். எந்த மொழி என்பதை அவளே முடிவு செய்துவிட்டாள். இங்கிலீஷை விட்டுவிடுகிறேன், தமிழ் எழுதுகிறேன் என்றாள். ஏன் என்று கேட்டேன்.

நீ படிக்கிறது அதுதானே, என்று கையால் சொன்னாள்.