நிழல்களின் மேல் ஓர் உருவம்

கலை மன்றச் செயலாளர் அவர்களுக்கும், மரகதம் அம்மையாரை அறிந்தவர்களுக்கும் அறியாதவர்களுக்கும்:

1. திங்கள்: ஓவிய ஆசிரியை மரகதம் அம்மையார் சேந்தமங்கலத்தில் காலமானார். மன்றத் துணைத்தலைவனான எனக்கு அச்செய்தி நகரப் பேருந்தில், அவரிடம் படித்த பெண்ணின் தாயார் சொல்லித்தான் தெரிந்தது.

2. வியாழன்: மன்றக் கூடத்திலுள்ள அவருடைய நிலவோவியத்தில், பேனர் எழுதுபவரைக் கொண்டு ஓர் உருவத்தைச் சேர்த்தீர்கள்.

3. வெள்ளி: அவருடைய கணவர் அதைப் பார்த்தார்.

அம்மையார் அதிகம் பேசமாட்டார். இரு மலைகளுக்கு நடுவே சூரியனை வரைந்து வரும் பிள்ளையிடம், "உன்ற ஊட்டுக்கிட்ட சூரியன் அங்கயா சாமி உதிக்குது? போயிப் பாத்துட்டு வா" என்பார்.

அவர் ஓய்வுபெற்றதும் மன்றத்துக்கு அளித்த ஓவியம் இது. கொல்லிமலை விளிம்பில் தாழ்ந்த நிலா. சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்த கடலைக்காடு. வாசல் திறந்த ஓட்டுவீடு. வரப்பில் சிலர் மலையை நோக்கிப் போகிறார்கள். நிலா எதிரே இருப்பதால் அவர்களுடைய நிழல்கள் பின்னோக்கி நீண்டு வாசற்படியைத் தொடுகின்றன.

அன்று நீங்கள் கேட்டீர்கள்: "பௌர்ணமிக்குக் கோயிலுக்குப் போறாங்களாட்டம் இருக்குதுங்க டீச்சர். ஒருத்தர் மூஞ்சியுங் காணமே, கடங்காரன் பின்னால வாரானா?"

அவரும் சிரித்துவிட்டார். "எழவு ஊட்லிருந்து போறாங்க சார். 'வாரேன்'னு சொல்ல முடியுமா, திரும்பித்தான் பாக்க முடியுமா? உடம்பு மொறைக்குக் கட்டுப்பட்டுப் போயிருதுங்க. நெழலுக்கு அதெல்லாம் தெரியாதுங்களே."

நிலவென்றாலே குளிர்ச்சி என்று பழகிய கண்களுக்கு அந்த ஓவியம் கடினமானது. அங்கே நிலா ஆறுதல் சொல்லவில்லை; மனிதர்கள் அடக்கிக்கொண்டு போவதைத் தரையில் நீட்டிக் காட்டுகிறது. வாய்விட்டுச் சொல்லாத பிரியாவிடை அந்த நிழல்களில் இருக்கிறது.

அந்த நிழல்களின் மேல்தான், கைகூப்பிச் சிரித்தபடி, அம்மையாரையே நிற்க வைத்திருக்கிறீர்கள். அஞ்சலி என்று நினைத்தீர்கள். இழவு வீட்டில் யாரும் யாரையும் வாசலில் நின்று வழியனுப்புவதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். உங்கள் வீட்டிலும் சாவு நடந்திருக்கிறது.

அவருடைய கணவர் வெகுநேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏனுங்க, எங்க ஊட்டம்மா எதுக்குங்க எழவு ஊட்டு வாசல்ல நின்னு சிரிக்கறாங்க?"

நான் முதுகலை படித்தவன், ஓவியம் பற்றி மேடைகளில் பேசுகிறவன், உங்கள் மன்றத்தவன். அந்த மூன்றுக்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.

அம்மையீர், உங்களை வணங்கி அனுப்பும் தகுதி இன்று எங்களுக்கு இல்லை.

செயலாளர் அவர்களே, பதினாறாம் நாள் காரியத்தன்று படத்துக்கு வார்னிஷ் பூசப்போவதாக அறிகிறேன். பூசிவிட்டால் அந்த உருவத்தைப் பிரித்தெடுப்பது அரிது. இப்போது சாயம் இறுகவில்லை. தேர்ந்தவர் கையில் கொடுத்தால் நிழல்கள் மீளும். கொடுப்பீர்களா, மாட்டீர்களா? பதினைந்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குள், எழுத்து மூலம், அம்மையாரின் கணவருக்குப் பதில் தரவேண்டும். எனக்கு வேண்டாம்.