நாலு பங்கு மழை

மழை பெய்தால் மண் வாசனை வரும் என்று உருகி எழுதுகிறவர்கள் யாரும் ஐப்பசி மாதத்தில் பம்மல் பக்கம் வந்ததில்லை என்று நினைக்கிறேன். எங்களுக்கு வந்தது தோல் நாற்றம். தோல் பதனிடும் கிடங்குகளில் ஊறப்போட்ட தோல், சுண்ணாம்பு, அழுகிய கொழுப்பு எல்லாம் மழைத் தண்ணீரில் கரைந்து தெருவுக்கு வரும். வெறும் வயிற்றில் அந்த வழியாகப் பஸ்ஸில் போனால் குமட்டும். சாப்பிட்டுவிட்டுப் போனால் இன்னும் மோசம்.

எண்பதுகளின் நடுவில், தாம்பரத்துக்கு மேற்கே ஒரு சின்ன அரசாங்க அலுவலகத்தில் நான் இளநிலை உதவியாளராக இருந்தேன். தபால், கோப்பு இவற்றோடு மழையும் என் தலையில் விழுந்தது. கட்டடத்துக்குப் பின்னால், முள்வேலிக்குள் ஒரு மழைமானி இருந்தது. மேலே புனல், கீழே பாட்டில், அவ்வளவுதான். தினமும் காலை எட்டரை மணிக்குப் பாட்டிலில் சேர்ந்த தண்ணீரை ஒல்லியான ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, பதிவேட்டில் எழுதி, மேல் அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். குவளை நிறைந்தால் இருபது மில்லிமீட்டர். நாங்கள் எல்லோரும் அதைக் கிளாஸ் என்றுதான் சொல்வோம்.

முதல் வருஷம் எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. பழைய பள்ளிக்கூட அட்லஸிலிருந்து வங்கக்கடல் பக்கத்தைக் கிழித்து மேஜைக்கு எதிரே ஒட்டிவைத்தேன். வானொலியில் தாழ்வு மண்டலம் சென்னைக்கு எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்று சொன்னதும் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். அடுத்த செய்தியில் இன்னொரு புள்ளி. அந்தப் புள்ளிகள் மெல்ல மெல்லக் கரையைப் பார்த்து வருவதைக் கண்டால் எனக்குள் ஒரு பரபரப்பு. எங்கள் அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, புயலுக்கு ஜாதகம் கணிக்கறியா?" என்று சிரித்தார். வாய் நிறைய வெற்றிலை. சிரித்தால் மேஜை மேல் தெறிக்கும்.

அவர்தான் எனக்குப் பங்கு போடக் கற்றுக்கொடுத்தார். விடுமுறை நாட்களில் யாரும் மழைமானியிடம் போவதில்லை. ஆனால் பதிவேட்டில் கட்டம் காலியாக இருந்தால் தணிக்கையில் கேள்வி வரும். அதனால் திங்கட்கிழமை பாட்டிலில் இருக்கும் மொத்தத்தையும் அளந்து, விடுபட்ட நாட்களுக்கும் திங்களுக்கும் சமமாகப் பிரித்து எழுதிவிடுவது. இதில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரே நாளில் பெருமழை என்று எழுதினால் மேலிடத்திலிருந்து மூன்று மணிக்கொரு தரம் போன் வரும், பக்கத்து ஏரிக்கரைக்கு நேரில் போய்ப் பார்க்கச் சொல்வார்கள், செருப்பில் சேறு படும். பிரித்து எழுதினால் எந்தத் தொல்லையும் இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதியிருந்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். என் வீடு அலுவலகத்திலிருந்து கால் மணி நேர நடை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நடை போய் அளந்திருக்கலாம். நான் போகவில்லை.

அலுவலகத்தைப் பெருக்க ஒரு பெண் வருவாள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். பம்மல் ஓரத்தில், பள்ளத்தில், எங்கள் அலுவலகப் பக்கத்து ஏரியின் உபரித் தண்ணீர் போகிற கால்வாயை ஒட்டி அவள் குடிசை. தோல் கிடங்கின் கழிவும் அதே கால்வாயில்தான் போகும். அவள் புருஷன் தோல் மூட்டை ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனவன். தண்ணீர் வந்தால் நாலு ஆம்பளைகள் அவனைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அந்த நாலு பேரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். பத்து மணிக்கு முன்னால் சொன்னால்தான் வேலைக்குப் போகாமல் நிற்பார்கள்.

அதனால் மழைக் காலத்தில் தினமும் காலையில் என் ஜன்னலுக்கு வருவாள். "இன்னாக்கா, இன்னிக்கு எவ்ளோ?" என்று கேட்பாள். இரண்டு வருஷமாகப் பார்த்து அவளே ஒரு கணக்கு வைத்திருந்தாள். "அஞ்சு கிளாசுக்கு மேல போச்சுன்னா மத்தியானத்துக்குள்ள எங்க வூட்டாண்ட தண்ணி ஏறிடும்கா. அங்க மழையே இல்லன்னாலும் ஏறிடும். மேல பெஞ்சிதுதான கீழ வருது." ஆறு கிளாஸ் என்று நான் சொன்ன ஒரு நாள், துடைப்பத்தைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஓடினாள். மேல் அலுவலகத்தில் என் எண்ணை வாங்கி எழுதிக்கொண்டவர்கள் அதை என்ன செய்தார்களோ தெரியாது. அதை நம்பி எழுந்து ஓடிய ஒரே ஆள் அவள்தான்.

அவள் புடவையில் அந்தத் தோல் நாற்றம் இருக்கும். எத்தனை துவைத்தாலும் போகாது, துவைக்கிற தண்ணீரும் அதுதானே. அவள் ஜன்னலில் வந்து நின்றால் நான் ஜலதோஷம் மாதிரி முந்தானையை மூக்கில் வைத்துக்கொள்வேன். அவளுக்கு அது புரியாமலா இருந்திருக்கும்? ஜன்னலுக்கு ஓரடி தள்ளியே நிற்பாள். இதை எழுதவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மற்றது எதுவும் விளங்காது.

அந்த வருஷம் தீபாவளி வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் விடுமுறை. வெள்ளியும் சனியும் வெறும் தூறல். ஞாயிறு ராத்திரி எங்கள் பக்கம் இடியோடு கொட்டித் தீர்த்தது. திங்கள் காலை மழைமானியைத் திறந்தால் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. ஊற்றி ஊற்றி எண்ணினேன். ஒன்பது கிளாஸ். கூடவே செத்த பூரான் ஒன்று. அதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"ராத்திரியிலேயேதான் சார் இவ்வளவும் வந்திருக்கு. நானே கேட்டுட்டிருந்தேன்."

"நீ கேட்டத ரெஜிஸ்டர்ல எழுத முடியுமா? நாலா போடும்மா. போன் பண்ணி முடிச்சுட்டு அந்த பென்ஷன் ஃபைல எடுத்துட்டு வா."

நாலாகப் போட்டேன். போனில் சொன்னேன். சம்படத்தைத் திறந்து இட்லியில் கை வைத்தபோது அவள் ஜன்னலுக்கு வந்தாள். அவளோடு அந்த நாற்றமும் வந்தது.

"எவ்ளோக்கா? எங்க பக்கம் சொம்மா தூறிகினுதான் இருந்துச்சு. இங்க எப்டி?"

மிளகாய்ப்பொடி தோய்ந்த இட்லி வாயில். அவள் சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது. எதிரே பதிவேடு விரித்தபடி கிடந்தது. அதில் இருந்ததைப் படித்தேன். "ரெண்டு சொச்சம்."

"அப்போ பேஜார் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போனாள். மதியம் வரை நிதானமாக இருந்து, ஜன்னல் கம்பிகளைக்கூடத் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வரவில்லை. புதன்கிழமை அதிகாரியோடு ஜீப்பில் போனேன். அவருக்கு மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது, செருப்பில் சேறு பட்டே ஆக வேண்டும். தண்ணீர் வடிந்திருந்தது. குடிசைகளின் சுவரில் இடுப்பு உயரத்துக்குப் பச்சையும் கறுப்புமாக ஒரு கோடு. வேலியில் தோல் துண்டுகளும் மாட்டு மயிரும் தொங்கின. சமைக்கிற அடுப்புக்குள் மலம். அதிகாரி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஜீப்பைவிட்டு இறங்காமலே பார்வையிட்டார்.

பள்ளிக்கூடத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அவள் புருஷனைப் படுக்கவைத்திருந்தார்கள். அவன் கால்களில் தோல் வெள்ளையாக உரிந்திருந்தது, அதன் மேல் நீல மருந்து தடவியிருந்தார்கள். ஈயை விரட்டியபடி அவள் உட்கார்ந்திருந்தாள்.

"நா போறப்பவே வாசப்படி தாண்டிடிச்சிக்கா. தூக்கறதுக்கு ஒரு ஆம்பள இல்ல. சுவத்துல சாய்ச்சி உக்கார வெச்சி, பின்னால இருந்து கயுத்த புடிச்சிகினு இருந்தேன். ரெண்டு மூணு மணி நேரம். இவுரு வாயாண்ட வந்துடுச்சி அந்தத் தண்ணி." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ரெண்டுன்னீங்களேக்கா?"

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலாம். ஏதோ அவளுடைய கணக்கில்தான் தப்பு என்பது மாதிரி கேட்டாள்.

"ஒன்பது. லீவு நாளுக்கெல்லாம் சேத்து பங்கு போட்டு எழுதினது ரெண்டு" என்றேன்.

அவளுக்கு அது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "மழையக் கூடவா பங்கு போடுவீங்க?" என்றாள். நான் அப்போதும் முந்தானையை மூக்கில் வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த நாற்றத்தில் வாந்தி வந்தது, வெளியே ஓடி மரத்தடியில் எடுத்தேன். நாற்றத்தால்தான் என்று ரொம்ப நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் அறிக்கை எழுத உட்கார்ந்தோம். அதிகாரி வாழைக்காய் பஜ்ஜி வரவழைத்துத் தின்றுகொண்டே சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நான்கு நாட்களிலும் மிதமான மழையே பதிவாகியுள்ளது, கால்வாயை ஆக்கிரமித்துக் குடியிருந்ததே பாதிப்புக்குக் காரணம். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதனால் என்னையே படியெடுக்கச் சொன்னார். மூன்று படி எடுத்தேன். ஒரு எழுத்துகூட அடித்தல் இல்லை.

புண் ஆறாமல் அவன் பொங்கலுக்கு முன்னாலேயே செத்துப்போனான். பதினாறாம் நாள் கழிந்து அவள் வேலைக்கு வந்தாள். மழைக்காலம் முடிந்திருந்தது, கேட்க ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு நான் விடுமுறை நாட்களிலும் போய் அளந்தேன். அதிகாரி என்னைப் பைத்தியம் என்றார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அடுத்த ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள், எட்டரைக்கு அளந்துவிட்டு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காத்திருந்தேன். அன்றைக்கு ஆறரை கிளாஸ். அவள் வரவில்லை. எழுந்து பின்னால் போனேன். மழைமானி வேலிக்கு வெளியே, துணி துவைக்கிற கல்லின் மேல் ஒரு பால் பவுடர் டப்பா இருந்தது. உள்பக்கம் ஆணியால் கோடு கோடாகக் கீறியிருந்தது. அவள் குனிந்து கோட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் கிழவிக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் சொல்ல வேண்டுமாம்.

"இது எதுக்கு? நான்தான் அளக்கறேனே. ஆறரை. பங்கு கிங்கு எதுவும் இல்ல, நெசமா" என்றேன்.

டப்பாவிலிருந்த தண்ணீரைக் கீழே கொட்டினாள். கவிழ்த்துத் தட்டி, திரும்பக் கல்லின் மேல் நேராக வைத்தாள்.

"உங்குளுது ஆபீசுக்கு மேடம். இது வூட்டுக்கு."

சொல்லிவிட்டு, வழக்கம்போல என்னைவிட்டு ஓரடி தள்ளி நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.