மனு வரிசையில் நின்ற அமீனா

எங்கள் நீதிமன்றத்து அமீனாவுக்கு ‘மோப்பம்’ என்று பட்டப்பெயர். சம்மனை வீடு தேடிப் போய்க் கையில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கி வருவது அவர் வேலை. இருபத்தாறு வருடமாக அதைச் செய்கிறார். அவர் கொண்டுவரும் நகல்களைக் கோப்பில் சேர்ப்பது, நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் கிளார்க்கான என் வேலை.

சேர்ந்த புதிதில் ஒரு வீட்டில் “அவரு ஊர்ல இல்லை” என்றார்கள். நம்பி அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பினார். தெருமுனையில் திரும்பிப் பார்த்தால், அந்த ஆள் மொட்டை மாடியில் நின்று கையை ஆட்டியிருக்கிறான். அன்றோடு மனிதர்களை நம்புவதை விட்டார். வாசலில் எத்தனை ஜோடி செருப்பு, கொடியில் காயும் சட்டை யார் அளவு என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். மனைவி தலைவலி என்றால்கூட, “எப்போலேர்ந்து? யாரு பாத்தா?” என்று கேட்பாராம். “கல்யாணத்தன்னிக்கு என்கிட்ட ரெண்டு சாட்சி கேக்காம விட்டாரே, அதுவே பெருசு” என்று அந்த அம்மா என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த மனிதரிடம்தான் எங்கள் ஊர்க் கட்சித் தலைவருக்கான சம்மன் வந்து சேர்ந்தது.

மூன்று வருடத்துக்கு முன் தலைவர் தானே ஓட்டிவந்த கார், ஓர் இஸ்திரிக்காரம்மாவின் தள்ளுவண்டியில் மோதியது. அந்தம்மாவின் இடது கால் அதன்பின் மடங்கவே இல்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஊன்றுகோலோடு வந்து பின்சுவரில் சாய்ந்து நிற்பார். ஒவ்வொரு முறையும் வேறு அமீனாக்கள் கொண்டுபோன சம்மன் ‘வெளியூர்’ என்று திரும்பி வரும். கதவில் ஒட்டினால் பசை காயுமுன் காகிதம் காணாமல் போகும். “என் கட்சிக்காரர் அதைப் பார்க்கவே இல்லை” என்று தலைவரின் வக்கீல் சத்தியம் செய்வார். கடைசியில் நீதிபதியே சலித்துப்போய், இந்த முறையும் கையில் சேராவிட்டால் வழக்கை மூடிவைக்க வேண்டியதுதான் என்றார். வேறு எவனாவது இப்படி ஏய்த்திருந்தால் போலீஸ் இழுத்து வந்திருக்கும்.

மோப்பம் தலைவர் வீட்டுக்குப் போனார். உதவியாளர் கேட்டைப் பாதி திறந்து, “ஐயா வெளியூர் போயிருக்காரு. வர ஒரு மாசம் ஆகும்” என்றார். அந்த நேரம் பார்த்து, முடி வெட்டுகிறவர் தன் பையோடு உள்ளேயிருந்து வெளியே வந்தார்.

“வெளியூர் போனவரு தலையை மட்டும் இங்க வச்சிட்டுப் போயிட்டாரா?” என்று கேட்டார் மோப்பம்.

கேட் சாத்திக்கொண்டது.

அன்று மாலையே டிவியில் தலைவர் முழங்கினார்: “சட்டத்துக்கு முன்னால நானும் ஒண்ணுதான், நீங்களும் ஒண்ணுதான்!” மோப்பம் அவர் பேச்சைக் கேட்கவில்லை, புதிதாய் வெட்டிய முடியைத்தான் பார்த்தாராம்.

வெள்ளிக்கிழமைதோறும் தலைவர் கட்சி அலுவலகத்தில் மனு வாங்குவார். மக்கள் இரண்டு பிரதி கொண்டுவருவார்கள். ஒன்று உதவியாளரின் பெட்டிக்குள் போகும். மற்றதில் தலைவர் ‘உரிய நடவடிக்கை எடுக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தருவார். படிப்பதில்லை, கண் கேமராவை விட்டு நகர்ந்தால்தானே! சம்மனும் இரண்டு பிரதிதான்.

மோப்பம் நாலு மணி நேரம் அந்த வரிசையில் கால்கடுக்க நின்றார். முறை வந்ததும், “ஐயா, இது கோர்ட் சம்மன். உங்களுக்குத்தான் வந்திருக்கு” என்று சத்தமாகவே சொன்னார்.

“பண்ணிடலாம், பண்ணிடலாம்” என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி தலைவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த நகலை என் மேஜையில் வைத்தபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவர் சிரிக்கவில்லை. “கையெழுத்து அவரோடதுதானான்னு ஒத்துப் பாருங்க” என்றார்.

“நீங்கதானே எதிர்ல நின்னீங்க?”

“நின்னேன். இருந்தாலும்...”

வாய்தா அன்று தலைவரின் வக்கீல் குதித்தார். “என் கட்சிக்காரர் இதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கார்!” நிருபர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை மனு எதையுமே அவர் படிக்கிறதில்லைன்னு பதிவு பண்ணிக்கலாமா?” என்றார் நீதிபதி.

வக்கீல் நிருபர்கள் பக்கம் பார்த்தார். “அப்படி இல்லை... படிப்பார்.”

“அப்போ இதையும் படிச்சிருப்பார். வரச் சொல்லுங்க.”

அடுத்த வாய்தாவுக்குத் தலைவர் வந்தார். வாசலில் மைக்குகளிடம், “சட்டத்தை மதிச்சு நானே வந்திருக்கேன்” என்றார். “நானேவாம்” என்று மோப்பம் என் காதைக் கடித்தார். இதிலும் ஏதோ சூது இருக்கும் என்று அவருக்கு உறுதி. உதவியாளர் ஒரு மெத்தை நாற்காலியைத் தூக்கிவந்து குற்றவாளிக் கூண்டுக்குள் போட்டார்.

“ஐயாவுக்கு முதுகுவலி.”

“டாக்டர் சர்டிபிகேட் இருக்கா?” என்றார் நீதிபதி. இல்லை. “அப்போ எல்லாரையும் போல நிக்கட்டும்.”

உதவியாளர் நாற்காலியைக் கூண்டுக்கு வெளியே எடுத்து வைத்தார்.

பின்சுவரிலிருந்து பார்த்தால் வக்கீல்களின் முதுகுதான் தெரியும். இஸ்திரிக்காரம்மா மோப்பத்திடம், “நிக்கிறாரா?” என்று கேட்டார். மோப்பம் எட்டிப் பார்த்தார். நம்பாமல் மறுபடியும் பார்த்தார்.

“நிக்கிறாரும்மா.”

பிறகு, யாரையும் கேட்காமல், அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்சுவரோரம் போட்டார். அந்தம்மா மடங்காத காலை நீட்டி மெல்ல உட்கார்ந்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மூன்று வருடமாக அவர் நின்றுகொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடத் தோன்றவில்லை.