வண்டிக்களத்துச் சாமி

அழகுமலைக்குப் பொய் வராது என்று அந்த எஸ்டேட் டிவிசனே சொல்லும். சீட்டாட உட்கார்ந்தால்கூட அவனைச் சேர்க்கமாட்டார்கள்; கையில் நல்ல சீட்டு விழுந்தால் காது சிவந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்பேர்ப்பட்ட மனுசன் ஆயுசில் ஒரே ஒரு பெரிய பொய் சொன்னான். அதையும் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் சொன்னான். பாவி மனுசன், சும்மா இருந்திருக்கலாம்.

போடிமெட்டு ஏறி தேவிகுளம் பக்கம் போகிற ரோட்டில் இருந்தது அந்தத் தேயிலை எஸ்டேட். அழகுமலை அங்கே பேக்டரியில் மிஷின் பழுது பார்க்கிற பிட்டர். கொழுந்தை அரைக்கிற ரோலர் மிஷின்களோடு இருபது வருசமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். மனைவி சாந்தம்மாள் கொழுந்து பறிக்கப் போவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தானோ என்னவோ, லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பிள்ளைகள் அத்தனையும் அவனை மாமா மாமா என்று சுற்றி வரும். மிஷினில் தேய்ந்துபோன பேரிங்குகளைக் கழற்றி ஓடையில் எறியச் சொல்லித்தான் உத்தரவு. அவனுக்கு மனசு வராது. டவுசர் பையில் போட்டுக் கொண்டுவந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவான்.

பேரிங் கிடைத்தால் அப்புறம் கேட்க வேண்டுமா? ஒரு பலகை, அடியில் மூன்று பேரிங், முன்னால் திருப்புவதற்கு ஒரு கட்டை. வண்டி தயார். மேல் லயத்திலிருந்து பள்ளிக்கூடம் வரை தார் ரோடு ஒரே இறக்கம். அதில் பலகைமேல் குந்திக்கொண்டு விட்டால், கர்ர்ரென்று காது கிழிகிற சத்தத்தோடு பிள்ளைகள் பறப்பார்கள். நடுவில் ஒரு கொண்டை ஊசி வளைவு. அதற்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று வளைவைத் தாண்டினால்தான் தெரியும்.

எழுபத்து நாலாம் வருசம் மாசி மாதம் அந்தப் பக்கத்திலிருந்து போடி லாரி வந்தது. எதிரே பலகை வண்டியில் இருந்தவன் ராமுத்தாய் மகன் மாயாண்டி. பதினொரு வயசு. அவன் வண்டியில் இருந்த பேரிங்குகளை அழகுமலை கொடுத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

ராமுத்தாய் பக்கத்து லயம்தான். புருசன் போடிக்குப் போனவன் போனவன்தான், திரும்பி வரவேயில்லை. மாயாண்டியும், அவனுக்குக் கீழே ஆறு வயசில் பேச்சி என்ற பெண் பிள்ளையும்தான் அவளுக்கு உலகம். அவள் அழகுமலையின் சட்டையைப் பிடித்து உலுக்கியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிரே வந்தால், "சாப்டீகளாண்ணே?" என்பாள். அவன் அன்றைக்குச் சாப்பிடமாட்டான்.

மாயாண்டிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரம்தான் பிள்ளைகள் அடங்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு மறுபடியும் ரோட்டில் கர்ர்ர். பெரியவர்கள் அடித்துப் பார்த்தார்கள், வண்டிகளை அடுப்பில் வைத்துப் பார்த்தார்கள். நடக்கவில்லை. அப்போதுதான் அழகுமலைக்கு அந்த யோசனை வந்தது. பேக்டரிக்குப் பின்னால் பாய்லர் சாம்பல் கொட்டுகிற சரிவு ஒன்று சும்மா கிடக்கிறது. லாரியும் வராது, ஜீப்பும் வராது. அதைக் கெட்டிப்படுத்திக் கொடுத்துவிட்டால் ரோட்டுப் பக்கம் ஏன் போகப்போகிறார்கள்?

யூனியன் தலைவர் ஆசீர்வாதத்தைக் கூட்டிக்கொண்டு எஸ்டேட் மானேஜரான துரையின் பங்களாவுக்குப் போனான். துரை கொஞ்சம் நல்ல மாதிரி. ஆனாலும் கேட்டார்: "ரோடு ஆபத்துன்னா பிள்ளைகளை வீட்டுக்குள்ள வச்சுக்க வேண்டியதுதானே?"

"ஒத்த அறையில ஏழு பேரு கெடக்காக தொரை. எங்கிட்டு வச்சுக்கிறது?" என்றான் அழகுமலை.

துரை பஞ்சாயத்துக்காரர்களையும் கூப்பிட்டு அனுப்பினார். இடம் கம்பெனி கொடுப்பது, சிமெண்டு பஞ்சாயத்து கொடுப்பது, வேலை ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வது என்று ஒரு தாளில் மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டார்கள். பஞ்சாயத்து இருபது மூட்டை என்றது, பன்னிரண்டு வந்தது. மீதி எங்கே என்று கேட்கப் போன ஆசீர்வாதத்துக்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஜனங்கள் மட்டும் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார்கள். ஆறு நாள் கிள்ளிக் கிள்ளி விரல் வெடித்த பெண்கள், ஏழாவது நாள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தார்கள். ராமுத்தாய் ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. பதினாலு வாரத்தில் முடிந்தது. மேலே பிள்ளைகள் புறப்பட ஒரு மேடை, அங்கிருந்து வழுவழுவென்று சிமெண்டுப் பாதை, ஒரு வளைவு, கடைசியில் முட்டி நிற்க மண் அணை, அதன்மேல் பழைய டயர்கள். வண்டிக்களம் என்று பிள்ளைகளே பெயர் வைத்துக்கொண்டார்கள்.

ஒரு வருசம். முழுசாக ஒரு வருசம் ரோட்டில் அந்தச் சத்தம் இல்லை. அழகுமலை மேடையோரம் உட்கார்ந்து பீடி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். அவன் வாழ்க்கையில் சந்தோசமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பான். யாரும் கேட்கவில்லை.

எழுபத்தாறில் துரை மாறினார். புதுத் துரை வந்த மாசமே களத்தைச் சுற்றிக் குச்சி நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டார்கள். தேயிலை நாற்றங்கால் வரப்போகிறதாம். ஜனங்கள் அந்தத் தாளைக் காட்டினார்கள். பழைய துரை போட்ட கையெழுத்து பழைய துரையோடு போயாச்சு என்றார் ஹெட் கிளார்க். அப்போது எமர்ஜென்சி. ஆசீர்வாதம் கையை விரித்துவிட்டார். "இப்ப வாயத் தொறந்தா உள்ள தூக்கிப் போட்டுருவானுக அழகுமலை. வேற நேரமா இருந்தா பாத்துருக்கலாம்."

திங்கட்கிழமை களத்தை வெட்ட ஆள் அனுப்புவதாக இருந்தது. ஞாயிறு விடியற்காலை அழகுமலை அடுப்படியில் எதையோ துழாவிக்கொண்டிருந்தான்.

"என்ன எழவுக்கு மஞ்சப்பொடிய எடுக்குறீக?" என்றாள் சாந்தம்மாள்.

"சாமிக்கு."

"எந்தச் சாமிக்கு?"

"இனிமேத்தான் வரணும்."

ஓடையிலிருந்து முழங்கால் உயரக் கல் ஒன்றைத் தூக்கிவந்து மேடையில் நட்டான். மஞ்சள் பூசினான், குங்குமம் வைத்தான், ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு பக்கமும் வைத்தான். பாதை எங்கே தொடங்குகிறதோ அங்கேதானே குச்சியும் நட்டிருக்கிறார்கள், கல்லும் அங்கே இருந்தால்தான் பயப்படுவார்கள் என்பது அவன் கணக்கு. எங்கேயாவது ஓரத்தில் வைத்திருக்கக் கூடாதா!

மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில், மம்மட்டியோடு நின்ற ஆட்கள் முன்னால் போய்ச் சொன்னான். கனவில் ஒரு உருவம் வந்தது. முகம் தெரியவில்லை. 'இது என் எடம், ஒருத்தரும் கைவைக்கக் கூடாது' என்றது. சொல்லும்போது காது இரண்டும் ரத்தமாகச் சிவந்துவிட்டது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பார்கள். அன்றைக்கு அதைச் சாமி இறங்கிய சூடு என்று நினைத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தன்கூட மண்ணை வெட்டவில்லை. சாமி விசயத்தில் கை வைத்துவிட்டு வேலை வாங்க முடியாது என்று ஹெட் கிளார்க்கே துரை காதில் ஓதினார். சாயங்காலத்துக்குள் குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"பெரிய கைகாரருதான் போங்க" என்று சாந்தம்மாள் அன்று கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் உண்மை தெரியாது.

நட்டுவிட்ட கல் சும்மா இருக்குமா? ஒருத்தி விளக்கு வைத்தாள். ஒருத்தன் வேல் கொண்டுவந்தான். ஆடி மாதக் கடைசி வெள்ளியில் பொங்கல் வைத்தபோது ராமுத்தாய்க்கு ஆட்டம் வந்தது. இரண்டு வருசமாகச் சத்தம் போட்டு அழாதவள், தலைமுடி அவிழ, "யம்மா, நான் மாயாண்டி வந்திருக்கேம்மா" என்று சின்னப் பையன் குரலில் கூப்பிட்டாள். கூட்டம் அப்படியே விழுந்து கும்பிட்டது. அகாலமாகப் போன பிள்ளை சாமியாக வருவது அந்த ஜனங்களுக்குப் புதுசில்லை. அழகுமலை கனவில் வந்த உருவம் யாரென்று இப்போது தெரிந்துபோயிற்று அல்லவா!

அழகுமலை பொங்கலை வாங்காமல் வீட்டுக்கு நடந்தான்.

வேலைக்காரர்களை மேய்க்கிற கங்காணி குருசாமி கோயிலுக்குக் கமிட்டி போட்டார். மேடைமேல் தகரக் கொட்டகை ஏறியது, மணி தொங்கியது. வழுவழுப்பான சிமெண்டுப் பாதை பொங்கல் பானைகளுக்கு அடுப்புக் கூட்ட அமைந்துபோயிற்று. வரிசையாகக் கல் வைத்துக் கரி பிடித்துக் கிடந்தது. செருப்புப் போட்டு வரக்கூடாது என்றார்கள் முதலில். பிறகு சாமிக்கு முன்னால் உருட்டிக்கொண்டு ஓடக்கூடாது என்றார்கள். ஒரு பிள்ளையின் வண்டியை குருசாமி பிடுங்கி ஓடையில் வீசினார். மார்கழிக்குள் எல்லாப் பிள்ளைகளும் ரோட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

கமிட்டிக் கூட்டத்தில் அழகுமலை எழுந்தான். "கல்ல மட்டும் கொஞ்சம் ஓரமா நகட்டி வச்சுக்கிருவோம் கங்காணி. புள்ளைகளும் ஓட்டிக்கிறட்டும்."

"சாமிய நகட்டுறதா?" குருசாமி எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். "'இது என் எடம், ஒருத்தரும் கைவைக்கக் கூடாது'ன்னு ஒங்கிட்டதானய்யா சொல்லுச்சு? இப்ப நீயே இப்பிடிப் பேசுனா என்ன அர்த்தம்?"

என்ன அர்த்தம் என்று அவன் எப்படிச் சொல்வான்? உட்கார்ந்துவிட்டான்.

அன்றிலிருந்து லாரி ஹாரன் கேட்கும்போதெல்லாம் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு பேக்டரி வாசலுக்கு ஓடிவந்து நிற்பான். இரண்டு மாசம் தாக்குப் பிடித்தான். பிறகு, போதும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டினான். ஊர் அடிக்கட்டும், லயத்தைவிட்டே துரத்தட்டும். முதலில் ராமுத்தாயிடம் சொல்ல வேண்டும். பிள்ளையை ரோட்டுக்குக் கொடுத்தவள் அவள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் குருசாமி வாயை மூடித்தான் ஆகவேண்டும்.

ஞாயிறு மத்தியானம் களத்துக்குப் போனான். ராமுத்தாய் மட்டும் கொட்டகையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. தலைவாரிப் பூ வைத்திருந்தாள். மகன் போனபிறகு அவள் பூ வைத்து அவன் பார்த்ததில்லை.

"வாங்கண்ணே. நானே ஒங்களப் பாக்கணும்னு இருந்தேன்" என்றாள்.

"ராமுத்தாயி, ஒரு விசயம் சொல்லணும்."

"இருங்கண்ணே, நான் மொதல்ல கேட்டுக்கிறேன். ரொம்ப நாளா தொண்டைக்குள்ளயே நிக்குது." துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "ஒங்க கனவுல வந்தானே, அப்ப அவன் சட்டை போட்டிருந்தானா?"

அழகுமலைக்குப் புரியவில்லை.

"ஆஸ்பத்திரியில சட்டை டவுசரு எல்லாத்தையும் வெட்டி எடுத்துட்டாகண்ணே. வெறும் ஒடம்பத்தான் துணியில சுத்திக் கொடுத்தாக. இந்தக் குளிரு மண்ணுல என் புள்ள வெறும் மேலோட எப்பிடிக் கெடக்கானோன்னு நெனச்சு நெனச்சு நான் தூங்குனதே இல்ல. இங்கன வந்து பேச ஆரம்பிச்ச பெறகுதான் கண்ண மூடுறேன். எங்கிட்ட வாரப்ப கொரலுதான் வருது, அவன் உருவம் எனக்குத் தெரியறதில்ல. நீங்க பாத்தீகள்ல, சொல்லுங்க. போட்டிருந்தானா?"

அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போட்டிருந்தாந்தாயி" என்றான். "கம்பளிச் சட்டை. கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டு."

அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்படி ஒரு நிம்மதியான அழுகையை அவன் பார்த்ததில்லை. பிறகு அவள் அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டபோது நிற்க முடியாமல் திரும்பி, சரிவில் விறுவிறுவென்று இறங்கினான். என்ன காரியம் செய்தாய் என்று தன்னையே வைதுகொண்டு நடந்தான். செய்யாமல் வேறென்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

ரோட்டுக்கு வந்தால், வளைவுக்கு மேலே பேச்சி பலகை வண்டியைக் கயிறு கட்டி மேட்டுக்கு இழுத்துக்கொண்டு வருகிறாள். ஒன்பது வயசு. பேரிங் யாரிடம் வாங்கினாளோ, மாயாண்டி போனதிலிருந்து அழகுமலை யாருக்கும் கொடுப்பதில்லை.

"தாயி, இங்க வேணாம். களத்துக்குப் போவம் வா. யாரு என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்" என்று வண்டியைப் பிடித்தான்.

பேச்சி பயந்துபோய்க் கயிற்றை வெடுக்கென்று இழுத்தாள். "ஐயோ, அங்க வரமாட்டேன் மாமா. அங்க அண்ணன் இருக்கு. வண்டிச் சத்தம் கேட்டா அண்ணனுக்குக் கோவம் வந்துரும்னு அம்மா சொல்லிருக்கு."

"மாயாண்டிக்கா?"

"ஆமா. அண்ணனுக்கு வண்டின்னாலே ஆகாதாம்."

சொல்லிவிட்டுப் பலகையில் ஏறிக் குந்தினாள். பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் பார்த்தாயிற்று, வண்டியைப் பிடுங்கிப் பார்த்தாயிற்று. நாளைக்கு வேறு வண்டி வரும். அழகுமலை இறக்கத்தில் ஓடினான். வளைவுக்குப் போய், லாரி வந்தால் மறிக்க அந்தப் பக்கம் பார்த்தபடி, நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கர்ர்ரென்று சத்தம் வந்து, கடந்து, கீழே போயிற்று.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிற்றுக்கிழமையும் அவனை அங்கே பார்க்கலாம். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துக் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போவார்கள். சாந்தம்மாள் சோற்றுத் தூக்கைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத் திரும்புவாள். மற்ற நாட்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு ரோட்டுக்கு வருகிற நேரத்தில் அவனுக்கு பேக்டரியில் வேலை இருந்தது.