ரோட்டுக்கு மேற்கே ஒரு வீடு

மங்கைக்குக் கடல்மீது பயம் கிடையாது. கோபம்தான் உண்டு. சோறு போடுகிற கடல்தான், ஆனால் போட்ட சோற்றுக்கு வாடகை வசூலிப்பதுபோல இரண்டு முறை அவள் வீட்டை எடுத்துக்கொண்டது. திருவொற்றியூர்க் கரையில் அவள் வாழ்க்கைப்பட்டு வந்த குடிசை முதலில் போனது. புருஷன் செங்கல் வைத்துக் கட்டிய வீடு, அவன் காமாலையில் போய்ச் சேர்ந்த மறு ஐப்பசியில், அடுப்பங்கரைச் சுவரோடு சரிந்தது. அரசாங்கம் லாரி லாரியாகக் கருங்கல் கொட்டியது. கடல் கல்லுக்கும் மரியாதை காட்டவில்லை. காசிமேட்டில் மீன் எடுத்து, வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கூடை சுமந்து, ஒரே மகன் தேசிங்கை ஆளாக்கியவள் மனதில் ஒரே வைராக்கியம் இருந்தது. எண்ணூர் போகிற ரோட்டுக்கு மேற்கே ஒரு வீடு. கண்டெய்னர் லாரிகள் ராப்பகலாக வரிசை கட்டி நிற்கும் அந்த ரோட்டைத் தாண்டிக் கடல் வராது என்பது அவள் கணக்கு. தப்புக் கணக்கு என்று யார் சொல்ல முடியும்?

இரண்டாயிரத்தொன்றின் கடைசியில் படகுக்காரர் கன்னியப்பன் இறந்தார். ரோட்டுக்கு மேற்கே அவருக்குத் தளம் போட்ட வீடு இருந்தது. பதினாறாம் நாள் சாப்பாட்டு இலையை எடுப்பதற்குள் புரோக்கர் ரஹீம் பாய் மங்கையிடம் வந்துவிட்டார். கன்னியப்பனுக்கு இரண்டு மகன்கள். சின்னவன் பிரகாஷ் விற்கத் துடித்துக்கொண்டிருந்தான். பெரியவன் மாரியப்பன் நாலு வருஷத்துக்கு முன் விசைப்படகில் போனவன், திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. அவன் பெண்டாட்டி குணசுந்தரி அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தாள், நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியுமாக. தினமும் உலையில் ஒரு பிடி அரிசி கூடுதலாகப் போடுவாள். மிஞ்சிய சோற்றை மறுநாள் அவளே தின்பாள்.

அந்த மீனவர் குப்பத்தில் ஒரு வழக்கம். உடல் கரைக்கு வராதவனைச் செத்தான் என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கடலுக்குப் போயிருக்கிறான் என்பார்கள். பத்து வருஷம் ஆனாலும் போயிருக்கிறான்தான். மீறிச் சொன்னால், சொன்ன வாய் எந்த வீட்டு வாய் என்று கடல் பார்த்து வைத்துக்கொள்ளும் என்று பேச்சு. கடலுக்குக் காது உண்டா என்று நம்மைக் கேட்டால், நாம் ரோட்டுக்கு மேற்கே பிறந்தவர்கள், நமக்கு என்ன தெரியும்.

பேரம் பேச உட்கார்ந்தபோது மங்கை மீன்காரியாகவே உட்கார்ந்தாள். செவுளைத் திறந்து பார்த்து விலையைக் குறைக்கிற கை அது. தளம் ஒழுகுகிறது என்றாள், சுவரில் உப்பு பூத்திருக்கிறது என்றாள். பிரகாஷ் கொஞ்சம் இறங்கினான். பிறகு அவள் பெரிய செவுளைத் திறந்தாள். அண்ணன் பங்கு நிற்கிறதே, வில்லங்கம் பிடித்த வீட்டை நான் ஏன் வாங்க வேண்டும்? பத்திரம் எழுதுகிறவர், கோர்ட்டுக்குப் போனால் ஆள் காணாமல் போய் ஏழு வருஷம் முடிய வேண்டும், பெண்டாட்டியே செத்தவன் என்று கையெழுத்துப் போட்டுக் கருமாதியும் செய்துவிட்டால் தனக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது என்று சொல்லியிருந்தார். ஆனால் அண்ணியிடம் அதைப் போய்க் கேட்கும் தைரியம் பிரகாஷுக்கு இல்லை. கையெழுத்தை நீயே வாங்கிக்கொண்டால் நீ சொன்ன விலைக்கே தருகிறேன் என்றான். ரஹீம் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, வேறு வீடு பார்க்கலாமே என்று மெல்லச் சொன்னார். மங்கை காதில் அது விழவில்லை. நல்ல மீன் கைக்கு வந்துவிட்டால் அவளுக்கு மற்றது கண்ணில் படாது.

பின்கட்டுக்கு மூன்று முறை போனாள். பங்குப் பணம் வந்தால் நீயும் ஒரு வழி பார்த்துக்கொள்ளலாம் என்றாள், உன் நன்மைக்குத்தான் என்றாள். மூன்றாம் முறை குணசுந்தரி அரிசி களைந்துகொண்டே நிமிர்ந்தாள்.

"கையெழுத்து போடு, கையெழுத்து போடுன்னு மூணு தபா வந்துட்டே. நாலு வருசமா அவுரு செத்துட்டாருன்னு ஒர்த்தரும் என் மூஞ்சிக்கு நேரா சொல்லல. நீ சொல்லுக்கா. கரையில நின்னு சொல்லு. போட்டுட்றேன்."

 படகு வேலைக்குப் போன தேசிங்கு அன்று கடலில்தான் இருந்தான். மங்கை எழுந்து போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். அடுப்பங்கரையில் முழங்கால் தண்ணீரில் மிதந்த சோற்றுப்பானை ஞாபகத்துக்கு வந்தது. வாய் வார்த்தைதானே, வார்த்தையால் யாராவது சாவார்களா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுந்து கரைக்கு நடந்தாள்.

சாயங்காலக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. கருங்கல் மேட்டில் இருவரும் நின்றார்கள். மங்கை சொன்னாள். அலைச் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை.

"கேக்கலக்கா," என்றாள் குணசுந்தரி.

"உன் புருசன் செத்துட்டான் சுந்தரி. மாரியப்பன் செத்துட்டான்."

ஏலத்தில் கூவிப் பழகிய குரல், தூரத்தில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். குணசுந்தரி அழவில்லை. முந்தானையை எடுத்து நெற்றிப் பொட்டை அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடம் சிவந்திருந்தது. திரும்பி நடக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"தேசிங்கு எந்த போட்டுல போறான்?"

மங்கை நடையை எட்டிப் போட்டாள். ஒரு படகின் பெயரைச் சொல்ல அவ்வளவு பயந்தது அதுவே முதல் தடவை.

தேசிங்கு அந்த முறை வஞ்சிரத்தோடு சிரித்துக்கொண்டு வந்தான். பார்த்தாயா, ஒன்றும் இல்லை என்று மங்கை நெஞ்சைத் தடவிக்கொண்டாள். புல்லால் உருவம் செய்து எரித்து மாரியப்பனுக்குக் கருமாதி நடந்தது. பத்திரம் பதிவானது. குணசுந்தரி பின்கட்டைக் காலி செய்து பக்கத்துத் தெருவில் ஓர் அறைக்குப் போனாள். பங்குனியில் மங்கை பால் காய்ச்சினாள். பால் நன்றாகத்தான் பொங்கியது. வீட்டில் ஈரம் இல்லை, அலைச் சத்தம் இல்லை. அந்த நிசப்தம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. மகனைக் கடலிலிருந்து பிரித்துவிட வேண்டும் என்று மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்குச் சொல்லி வைத்தாள். அவன் சிரித்தான்.

"தடைக்காலம் முடிஞ்சி எல்லா போட்டும் எறங்குது. நான் மட்டும் வூட்ல குந்திகினு இன்னா பண்ணட்டும்? உனக்கு இன்னா பேஜாரு இப்போ?"

என்ன பேஜார் என்று மகனிடம் அவள் எப்படிச் சொல்வாள்? கரையில் சொன்னதை மறுபடியும் சொல்ல வேண்டுமே.  அவன் போனான்.

ஒரு வாரம் கடலிலேயே தங்கி மீன் பிடிக்கப் போன படகுகள், வானம் கறுத்ததைப் பார்த்துப் பாதியிலேயே திரும்பின. ஒன்று மட்டும் திரும்பவில்லை. மங்கை காசிமேட்டில் நின்று வருகிற படகையெல்லாம் பார்த்தாள். கூட நின்றவர்கள் அவளுக்குச் சற்று இடம் விட்டே நின்றார்கள். தேடப் போன படகுகளும் வெறுமனே வந்தன. வீட்டுக்கு வந்து விழுந்தவளைத் தேடி யாரும் வரவில்லை. கருங்கல் மேட்டில் அன்று அவள் கூவியதை ஊரே கேட்டிருந்தது.

குணசுந்தரி மட்டும் வந்தாள். நேராகப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அந்த அடுப்பங்கரையில் எது எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மங்கைக்கு என்று ஒரு ஆழாக்கு அரிசி அளந்தாள். பிறகு டப்பாவில் கைவிட்டு இன்னொரு பிடி எடுத்துப் போட்டாள். மங்கை அந்தக் கையைப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வெடித்தது.

"மன்னிச்சிடு சுந்தரி."

"அத்த வுடுக்கா. யார் கேட்டாலும் கடலுக்குப் போய்க்கீறான்னு மட்டும் சொல்லு. வேற எதும் உன் வாயால வரக்கூடாது."

மறுநாள் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். புது ஆள், ஊருக்கும் புதுசு. அட்டையில் எழுதிவிட்டு, பெயர் மாற்ற மனு கொடுக்க வேண்டும், வீட்டில் ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் குணசுந்தரி நின்றிருந்தாள். மங்கை நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"மவன் கீறான்," என்றாள். "கடலுக்குப் போய்க்கீறான்."